கணக்குக் கேட்பது களவல்ல

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஓர் அக்கா என்னிடம் வந்து கைப்பையைத் திறந்தார். உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று, கிழக்கு லண்டனில் அவர் முன்பு இருந்த வீட்டின் பழைய கவுன்சில் வரிக்காகக் கடன் அறவிடும் பெய்லிஃப் கம்பனி அனுப்பிய கடிதம். மற்றது, இந்தச் சஞ்சிகையின் சென்ற இதழிலிருந்து கிழித்தெடுத்த பக்கம். "தம்பி, கோர்ட் ஓர்டர் வந்தால் கேள்வி கேளாமல் கட்டிப்போட வேணும் எண்டு இதில எழுதியிருக்கு. காப்பை அடகு வைக்கட்டோ?" என்று கேட்டார்.

அந்தக் கட்டுரை செய்திருக்கும் தீங்கு இதுதான். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கட்டுரையாளர் சொன்னதைத் திரிக்காமல் சுருக்கித் தருகிறேன். கவுன்சில் வரி என்பது குப்பை அள்ளவும் முதியோரைப் பராமரிக்கவும் நூலகம் நடத்தவும் எல்லோரும் சேர்ந்து போடும் காசு. அதைக் கட்டாதவர் அயலவரின் காசில் வாழ்கிறார். கடனுக்கு வயது கிடையாது; பத்து வருடம் பழையதென்றாலும் கடன் கடன்தான். நீதிமன்றம் விசாரித்து ஆணை தந்த பிறகு விளக்கம் கேட்பதும் தவணை கேட்பதும் ஏமாற்று வேலை. பெய்லிஃப் பயம் இல்லாவிட்டால் ஒருவரும் கட்டமாட்டார்கள். பெய்லிஃப் வாசலில் வந்து நிற்பது நம் இனத்துக்கே மானக்கேடு. ஆகவே வாய் பேசாமல் கட்டு.

இதில் முதல் வாக்கியம் சரி. வரி கட்டத்தான் வேண்டும், நானும் கட்டுகிறேன். கடிதத்தைப் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் அடுக்கி வைப்பதால் கடன் வளருமே தவிரக் கரையாது என்று அவர் எழுதியதும் சரி. மற்றவை அத்தனையும் பிழை. சில பிழைகள் அறியாமையால் வந்தவை. சில, இல்லாதவனிடம் இரக்கமில்லாததால் வந்தவை.

நீதிமன்றம் "விசாரித்து" ஆணை தந்தது என்கிறார். நீதவான் நீதிமன்றத்தில் கவுன்சில் வரி வழக்குகள் எடுக்கப்படும் ஒரு காலைப்பொழுதில் அவர் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தால் இந்தச் சொல்லை எழுதியிருக்கமாட்டார். கவுன்சில் அங்கே ஒரு ஆளைக் கொண்டுவருவதில்லை, ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறது. அதில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். பெரும்பாலானோர் வருவதில்லை. வராதவர்களுக்கு மொத்தமாக ஆணை பிறக்கிறது. அதைத்தான் லயபிலிட்டி ஓர்டர், அதாவது பொறுப்பாணை என்கிறார்கள்.

1992ஆம் ஆண்டின் கவுன்சில் வரி நிர்வாக, அமலாக்க ஒழுங்குவிதிகள் நீதவானிடம் எதிர்பார்ப்பது மிகக் குறைவு. தொகை கட்டவேண்டியதாகிவிட்டது, கட்டப்படவில்லை என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்டால் அவர் ஆணை பிறப்பித்தே ஆகவேண்டும். வேலை போய்விட்டது, புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, கையில் காசில்லை என்பதெல்லாம் அங்கே எதிர்வாதம் ஆகாது. அந்த வீட்டில் நான் குடியிருக்கவே இல்லை என்ற தகராறைக்கூட அந்த நீதிமன்றம் தீர்க்க முடியாது. அது மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, வலுவேஷன் ட்ரிபியூனலுக்கு, போகவேண்டிய விடயம். ஆக ஒரு மனிதனைப் பற்றிக் கேட்கவேண்டிய இரண்டு பெரிய கேள்விகள் உண்டு: இந்தக் கடன் அவனுடையதா? அவனால் கட்ட முடியுமா? இரண்டும் அந்த அறையில் கேட்கப்படுவதில்லை. அப்படிப் பிறந்த ஆணையைக் காட்டி, குற்றம் நிரூபணமாகிவிட்டது, இனி வாயைத் திறவாதே என்று எழுதுவது சட்டம் தெரியாத பேச்சு.

கிரெடிட் கார்ட் கம்பனிக்குக் கடன்பட்டவர் நிலைமை என்ன? கம்பனி வழக்குப் போடுமுன் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பவேண்டும். கவுண்டி கோர்ட்டிலிருந்து வரும் படிவத்தில் மறுப்பு எழுத இடமிருக்கும், வருமானத்தையும் செலவையும் எழுதி மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லவும் இடமிருக்கும். கவுன்சில் வரியில் ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். ஏழு நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாளோடு தவணையில் கட்டும் உரிமையே போய், ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரேயடியாகக் கட்டவேண்டியதாகிறது. அதன் பிறகு அழைப்பாணை. ஏப்ரலில் நூற்றைம்பது பவுண் கட்ட முடியாதவரிடம் யூன் மாதத்துக்குள் ஆயிரத்தைந்நூறு கேட்கிறார்கள். இந்த வேகத்தைப் பற்றி நம் கட்டுரையாளர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இன்னொன்றும் அவர் சொல்லாமல் விட்டார். அழைப்பாணை கையில் கொடுக்கப்படவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. கடைசியாக அறியப்பட்ட முகவரிக்குத் தபாலில் போட்டாலே போதும். நம்மவர்கள் எத்தனை பேர் இந்த நாட்டில் ஒரே முகவரியில் பத்து வருடம் இருந்திருக்கிறார்கள்? வந்த புதிதில் ஒரு அறை, வேலை மாறினால் இன்னொரு அறை, கலியாணம் கட்டினால் வேறொரு பிளாட். கடிதம் பழைய வீட்டுக் கதவின் உட்புறத்தில் விழும். புதிதாக வந்தவர் அதைக் குப்பையில் போடுவார். ஆணை பிறக்கும். எட்டு, ஒன்பது வருடம் கழித்து ஒரு கம்பனி பெயரைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் வந்து நிற்கும்.

இது ஊகம் அல்ல. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த ஒரு தம்பியோடு இதே வழியை நான் நடந்திருக்கிறேன். 2013இல் அவர் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தார். 2022இல் பெய்லிஃப் வந்தார். வரி 1,340 பவுண், நீதிமன்றச் செலவு 95, கடிதம் அனுப்பிய கட்டணம் 75, வாசலுக்கு வந்த கட்டணம் 235. மொத்தம் 1,745 பவுண். "அண்ணை, கடன் வாங்கிக் கட்டிப்போட்டு நிம்மதியாய் இருப்பமே" என்றார். பயந்த மனிதர் எல்லோரும் சொல்வது அது.

நாங்கள் கட்டவில்லை, கடிதம் எழுதினோம். எந்த முகவரிக்கு, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரைக்கும் இந்த வரி? முதல் கட்டணப் பத்திரம் எப்போது, எங்கே அனுப்பப்பட்டது? ஆணை எந்த நீதிமன்றத்தில், எந்த நாளில் பிறந்தது? அவ்வளவுதான் கேட்டோம். பதில் வர ஏழு வாரம் எடுத்தது. வந்த பதிலில் கவுன்சிலே உண்மையைச் சொல்லியிருந்தது: 2013 ஏப்ரல் தொடங்கி முழு ஆண்டுக்கும் அவர் பெயரில் வரி போட்டிருந்தார்கள். அவர் அந்த வீட்டைவிட்டு யூன் முடிவில் வெளியேறிவிட்டார். அடுத்த வீட்டின் வாடகை ஒப்பந்தமும் அந்த முகவரி அச்சிட்ட சம்பளத் துண்டும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. அவற்றை அனுப்பினோம். கவுன்சில் கடனைப் பெய்லிஃபிடமிருந்து திருப்பி எடுத்தது. பழைய ஆணையை நீக்கும்படி நீதிமன்றத்தில் அதுவே விண்ணப்பித்தது. அவர் உண்மையில் இருந்த மூன்று மாதத்துக்கு 335 பவுண் வந்தது. அதை ஐந்து தவணையில் கட்டி முடித்தார்.

கட்டுரையாளர் சொன்னபடி செய்திருந்தால் அந்தத் தம்பி தன்னுடையதல்லாத 1,410 பவுணைக் கட்டியிருப்பார், அதுவும் வட்டிக்கு வாங்கி. அவர் ஏமாற்றவில்லை. தான் பட்டதை ஒரு சதம் குறையாமல் கட்டினார். படாததைக் கட்டவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் கடனைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்லக்கூடாது.

கடனுக்கு வயது கிடையாது என்பதும் பிழை. கவுன்சில் பொறுப்பாணை கேட்டு நீதிமன்றம் போவதற்கு, தொகை கட்டவேண்டியதான நாளிலிருந்து ஆறு வருடம்தான் கெடு. 34ஆம் ஒழுங்குவிதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. தொகை எப்போது கட்டவேண்டியதாகிறது? கட்டணப் பத்திரம் அனுப்பப்பட்டால்தான். அதனால்தான் பத்திரம் எப்போது போனது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம். அதே நேரம் நம் ஆட்களிடையே ஒரு தவறான நம்பிக்கையும் உலவுகிறது: ஆறு வருடம் கடந்தால் எல்லாக் கடனும் தானாக அழிந்துவிடும் என்று. அழியாது. ஆறு வருடத்துக்குள் ஆணை எடுத்துவிட்டால் அதன் பிறகு பெய்லிஃபை அனுப்பவோ சம்பளத்தில் பிடிக்கவோ அந்தக் கெடு தடையாக இருப்பதில்லை. அந்த நம்பிக்கையைக் கட்டுரையாளர் கண்டித்திருந்தால் நான் கைகுலுக்கியிருப்பேன். அவரோ காலக்கெடுவே கிடையாது என்று எழுதி, சட்டம் கொடுத்த பாதுகாப்பையும் சேர்த்து மறைத்துவிட்டார்.

சட்டம் ஏன் கெடு வைத்தது? பழைய கடனில் சாட்சியம் செத்துப்போகும். வீட்டுக்காரர் ஊர் மாறிவிடுவார், வங்கிக் கணக்கு மூடப்பட்டிருக்கும், கூட இருந்தவர் கனடா போயிருப்பார். எங்கள் ஊரில் வட்டிக்குக் காசு கொடுத்தவர்கூடக் கொப்பியைத் திறந்து திகதியைக் காட்டித்தான் கேட்பார். ஓர் அரச நிறுவனத்திடம் அதையாவது எதிர்பார்ப்பது நியாயம் அல்லவா?

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பால் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், ஏழைகள் மீது கவுன்சில் வரி சுமத்தப்படுவதை எதிர்த்துத் தன் வரியை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார். ஹாரிங்கே கவுன்சில் அவரை டொட்டன்ஹாம் நீதவான் நீதிமன்றத்துக்கு அழைத்து, செலவாக 125 பவுண் கேட்டது. இந்த 125 எப்படி வந்தது, கணக்கைக் காட்டுங்கள் என்றார் அவர். நீதவான்கள் கணக்கைப் பார்க்காமலே கொடுத்தார்கள். அவர் உயர்நீதிமன்றம் போனார். 2015இல் தீர்ப்பு வந்தது: செலவு நியாயமாக ஏற்பட்டதா என்று முடிவுசெய்யப் போதிய விபரம் இல்லாமல் நீதவான்கள் அந்தத் தொகையை ஏற்றது சட்டப்படி தவறு. ஒரு முதியவர் கேட்ட ஒற்றைக் கேள்வி, அன்று பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும் பொதுவான ஒரு தவறை வெளியே கொண்டுவந்தது. பிறகு 2018இல், இந்த விண்ணப்பத்துக்காகக் கவுன்சில் நீதிமன்றத்துக்குக் கட்டும் கட்டணம் 3 பவுணிலிருந்து 50 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. அந்த 50 பென்ஸை, மக்களிடம் கேட்கப்படும் செலவுத் தொகையோடு வைத்துப் பாருங்கள். நிர்வாகச் செலவு வேறாக உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு என்று கேட்பவரை ஏமாற்றுக்காரர் என்றால், நிக்கல்சனையும் அப்படித்தான் சொல்லவேண்டும். சொல்லத் துணிவாரா?

அடுத்தது பயம். பெய்லிஃப் பயம் இல்லாவிட்டால் ஒருவரும் கட்டமாட்டார்களாம். இங்கிலாந்தில் கேட்கப்படும் கவுன்சில் வரியில் 100க்குச் சுமார் 96 பவுண் அந்தந்த ஆண்டிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. இந்த மக்களா வரி ஏய்ப்பவர்கள்? மீதமாகச் சேர்ந்த நிலுவை 2024 மார்ச் முடிவில் சுமார் 6 பில்லியன் பவுண். பத்து வருடத்துக்கும் மேலாகப் பெய்லிஃப் கட்டணங்களோடு பயத்தை ஓட்டிய பிறகும் நிலுவை ஏறித்தான் இருக்கிறது. மருந்து நோயைக் குறைக்கவில்லையென்றால், இன்னும் கூடுதலாக ஊட்டு என்பது வைத்தியம் ஆகாது.

நிலுவைக்குக் காரணம் சோம்பல் என்று எழுதுகிறவர் 2013ஐ மறந்துவிட்டார். அந்த ஏப்ரலில் நாடு தழுவிய கவுன்சில் டாக்ஸ் பெனிஃபிட் ஒழிக்கப்பட்டது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் சொந்தத் திட்டத்தைப் போடச் சொல்லி, அதற்கான பணத்திலும் 10 விழுக்காட்டை வெட்டினார்கள். ஓய்வூதியர்கள் காக்கப்பட்டார்கள், வெட்டு வேலை செய்யும் வயதிலுள்ள ஏழைகள் மேல் விழுந்தது. அதற்கு முன் ஒரு சதமும் கட்டவேண்டியிராத குடும்பங்களுக்கு முதன்முதலாகக் கட்டணப் பத்திரம் போனது. வரியின் அமைப்பையும் பாருங்கள். இங்கிலாந்தில் வீடுகள் இன்றைக்கும் 1991 ஏப்ரல் 1இன் விலைப்படிதான் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே கவுன்சிலில் மிக உயர்ந்த தரமான எச் வீட்டுக்கு வரி, மிகத் தாழ்ந்த ஏ வீட்டின் வரியைப்போல் மூன்று மடங்குதான். மாளிகையின் விலை மூன்று மடங்கா? அயலவரின் காசில் வாழ்வது யார் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் எழுப்பியிருக்கவே கூடாது.

பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்கிறேன். 2016இல் வேல்ஸில் தனியாகப் பிள்ளை வளர்த்த ஒரு தாய், கவுன்சில் வரி நிலுவைக்காக 81 நாள் சிறைத் தண்டனை பெற்றார். அவரால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று சரியாக விசாரிக்கவில்லை. பாதி நாட்களை உள்ளே கழித்த பிறகுதான் விடுதலை. அந்தச் சிறைவைப்பு சட்டவிரோதம் என்று 2017இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2019 ஏப்ரலில் வேல்ஸ் இந்தத் தண்டனையையே ஒழித்தது. இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை சிறை என்ற விதி அதன் பின்னும் நீடித்தது. விசாரிக்காத ஆணைகளின் கடைசிப் படி அதுதான்.

பெய்லிஃப் கட்டணத்தையும் பார்ப்போம். 2014 ஏப்ரலில் வந்த அட்டவணைப்படி, கடிதம் அனுப்ப 75 பவுண், வாசலுக்கு வர 235, பொருளை எடுத்து விற்க 110. 200 பவுண் கட்ட முடியாத ஒருவரிடம், முடியாத காரணத்துக்காகவே 310 பவுணை மேலே ஏற்றுகிறோம். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை. இந்தக் காசில் ஒரு பென்ஸும் நூலகத்துக்கோ முதியோர் பராமரிப்புக்கோ போவதில்லை. கம்பனிக்குப் போகிறது.

கடைசியாக மானம். இதுதான் எல்லாவற்றிலும் கேவலமான வாதம். மானக்கேடு என்ற சொல்லால் நம் ஆட்களின் வாயைத் தைத்தது போதும். கணவன் விட்டுப்போன வீட்டின் வரி மனைவியின் தலையில் விழுகிறது. சேர்ந்து குடியிருந்த காலத்துக்கு இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் என்பதால், கவுன்சில் யாரை எளிதாகக் கண்டுபிடிக்கிறதோ அவரிடம் முழுவதையும் கேட்கலாம். கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் பிள்ளைகளோடு அதே முகவரியில் இருக்கும் பெண். அவர் வெட்கப்பட்டு ஒருவரிடமும் சொல்லமாட்டார். தனியாள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காட்டுக் கழிவு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் போய், இனத்தின் மானம் உன் கையில், காப்பை அடகு வை என்கிறது இந்தக் கட்டுரை.

அடகு வைக்குமுன் செய்யக்கூடியவை உண்டு. கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்த வீடு, எந்தக் காலம், பத்திரம் எப்போது போனது, ஆணை எந்த நாள், கட்டிய காசு எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கடன் உங்களுடையதல்ல என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்குள் சரியான பதில் இல்லாவிட்டால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்களுக்குத் தெரியாமல் பிறந்த ஆணையை நீக்கும்படி நீதவானிடமே கேட்கலாம். உண்மையான தகராறு இருக்கவேண்டும், நடைமுறையில் பெரிய தவறு நடந்திருக்கவேண்டும், தெரியவந்த உடனே தாமதிக்காமல் கேட்டிருக்கவேண்டும். 2004இல் பிரைட்டன் வழக்கில் உயர்நீதிமன்றம் வைத்த மூன்று நிபந்தனைகள் இவை. கடன் உங்களுடையதுதான், ஆனால் முடியவில்லை என்றால், 1992 சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் தொகையைக் குறைக்கவோ முழுதாக விடவோ கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. கடன் ஆலோசகர் ஒருவர் மூலம் பிறீதிங் ஸ்பேஸ் திட்டத்தில் 60 நாள் அவகாசம் எடுக்கலாம். 2021 மே மாதம் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெய்லிஃப் வந்தால் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வருகையில் கவுன்சில் வரிக்காகக் கதவை உடைத்து நுழைய அவருக்கு உரிமையில்லை. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அவர் உள்ளே வரமுடியாது. ஜன்னலால் பேசுங்கள், ஒன்றிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தெருவில் நிற்கும் உங்கள் காரை மட்டும் அவர் எடுக்கலாம் என்பதை மறவாதீர்கள். இதெல்லாம் பாராளுமன்றம் இயற்றிய சட்டமும் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும். ஏமாற்று வேலை அல்ல.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையை வாசித்து எத்தனை பேர் தங்களுடையதல்லாத கடனைக் கட்டப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே கேள்வி கேளாமல் கட்டு என்ற அந்த ஒரு வரியையாவது இதே சஞ்சிகையில் திரும்பப் பெறுங்கள்.

திங்கட்கிழமை காலை அந்த அக்காவும் நானும் நூலகத்தில் இருந்து கடிதத்தை எழுதினோம். கணவர் வெளியேறிய திகதியை எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது, பிறகு எழுதினார். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைக் கைப்பையில் வைத்தார். பதில் எப்படி வரும் என்று தெரியாது. அவர் பட்ட கடன் என்று வந்தால் தவணையில் கட்டுவார். அதையும் கடிதத்திலேயே எழுதியிருக்கிறோம். அதுவரைக்கும் காப்பு அவர் கையில்தான் இருக்கும்.